அலைவரை போக ஒரு கார்

புதுக் கார் பார்க்கிறோம் என்றதும் நண்பர்கள் முதலில் கேட்டது, "பட்ஜெட் எவ்வளவு?" அடுத்துக் கேட்டது, "எத்தனை சீட்?" என்னுடைய கேள்வியைச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். "கடற்கரை மணலில் 80 மீட்டர் போகுமா?"

ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் தேவைக்காக ஒருவன் எஸ்யூவி தேடுகிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்த நாள் ஆடி அமாவாசை.

அப்பா லோரி ஓட்டுநர். கிழக்குக்கரை நெடுஞ்சாலை வருவதற்கு முன்பே, தெமர்லோ, மாரான் வழியாகப் போகும் பழைய சாலையில் கிள்ளானுக்கும் குவாந்தானுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். மாரான் மரத்தாண்டவரைக் கும்பிடாமல் அந்த வழியைக் கடந்ததில்லை. சரக்கை இறக்கியதும் குவாந்தானுக்குத் தெற்கே ஒரு மீனவக் கம்போங்கில் தூண்டில் போட உட்கார்ந்துவிடுவார். "நான் போனா என்னை அங்கேயே கரைச்சிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 2022இல் அதை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

அதன்பின் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அங்கே போகிறோம். நான் எள்ளும் தண்ணீரும் இறைப்பேன். அம்மா அலையில் கால் நனைத்துப் பூவும் பாலும் விடுவார். சாலை முடியும் இடத்திலிருந்து தண்ணீர் வரை சுமார் 80 மீட்டர். முதல் ஆண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நடந்தே போனார். 2024இல் இரண்டு முட்டியும் மடங்க மறுத்துவிட்டன. சக்கர நாற்காலியின் சிறிய சக்கரங்கள் இரண்டாவது அடியிலேயே மணலில் இறங்கிவிட்டன.

படகு இறக்கும் தடத்தில் மீனவர்களின் பிக்கப் வண்டிகள் போய்வருவதைப் பார்த்தேன். அவை போகும்போது என் கார் போகாதா என்று அம்மாவைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து மணலில் இறக்கினேன்.

ஏறக்குறைய 30 மீட்டர் போனது. பிறகு முன்சக்கரங்கள் சுழன்றன, கார் நகரவில்லை. நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். இன்னும் அழுத்தி மிதித்தேன். சக்கரம் தனக்கான குழியைத் தானே தோண்டிக்கொண்டது. காரின் வயிறு மணலில் உட்கார்ந்தது. அப்போதுதான் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அம்மா மடியில் பால் சொம்பை இறுகப் பிடித்தபடி, "ஒண்ணும் ஆகாதுப்பா" என்றார். அவர் குரல் நடுங்கியது.

ஆறு மீனவர்கள் ஓடிவந்தார்கள். கயிறு கட்டி, பிக்கப் கொண்டு இழுத்தார்கள். சாலைக்கு வந்து சேர்ந்தபோது நான் இருந்த இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. அவர்களில் மூத்த பாக்சிக் காசு வாங்க மறுத்துவிட்டார். டயரைக் கையால் தட்டிப் பார்த்து, "காற்று அதிகம்" என்று மட்டும் மலாயில் சொன்னார்.

அம்மா அன்று கடலைத் தொடவில்லை. தெமர்லோ தாண்டும்வரை பேசவும் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் நான் வரலப்பா. வீட்டுலயே அப்பா படத்துக்குப் பூ வச்சிக்கிறேன்."

அந்த வார்த்தைதான் என்னைக் கார் கடைகளுக்கு அனுப்பியது.

உயரமாக இருந்தால் எஸ்யூவி, எஸ்யூவி என்றால் எங்கும் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் குடும்ப எஸ்யூவிகளில் பல, சாதாரணக் காரைப் போல முன்சக்கரங்களால் மட்டுமே இழுக்கப்படுபவை. புரோட்டோன் எக்ஸ்50 அப்படிப்பட்டதுதான். பேராங்காடிக்கும் பாலர் பள்ளிக்கும் அது போதும். மணலில் என் பழைய காருக்கு நேர்ந்தது அதற்கும் நேரலாம். பெரோடுவா அரூஸுக்கு ஏழு இருக்கை, தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். ஆனால் பின்சக்கரங்களுக்கு மட்டுமே விசை. வயிறு தட்டாமல் இருக்க உயரம் உதவும். சக்கரம் புதையாமல் இருக்க உதவாது.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டிகளிலும் இரண்டு வகை. டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்றவை லோரியைப் போல அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. தேவைப்படும்போது நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றலாம். மிக மெதுவாக, மிகுந்த பலத்தோடு நகர்வதற்கான தாழ்கியரும் உண்டு. சுபாரு ஃபாரஸ்டர் போன்றவை காரைப் போன்ற உடலமைப்பு கொண்டவை. நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும், ஆனால் தாழ்கியர் கிடையாது. ஆழமான மணல்மேட்டுக்கு முதல் வகைதான் சரி. எப்போதாவது சிறு தூரம் போக இரண்டாவது வகை தாங்கும்.

என் மனம் முதல் வகையில்தான் ஒட்டிக்கொண்டது. கடற்கரையில் பட்ட அவமானத்துக்குப் பெரிய வண்டிதான் பதில் என்று தோன்றியது. விற்பனைக் கூடத்துக்கு மனைவியையும் அம்மாவையும் அழைத்துப் போனேன்.

அங்கே எனக்கு ஒரு பாடம் காத்திருந்தது. அம்மாவால் அந்த வண்டியில் ஏற முடியவில்லை. பக்கப்படியில் ஒரு காலை வைத்தார், கைப்பிடியைப் பிடித்தார், மறு காலைத் தூக்க முட்டி விடவில்லை. விற்பனையாளர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கி ஏற்றினோம். உள்ளே உட்கார்ந்ததும், "நல்லா இருக்குப்பா" என்றார். எனக்காகச் சொன்னார். வாரம் ஒருமுறை கிளினிக், வெள்ளிக்கிழமை கோவில் என்று ஆண்டுக்கு நூறு முறையாவது அம்மா ஏறி இறங்க வேண்டிய வண்டி அது. ஒரு நாள் மணலுக்காக மீதி நாளெல்லாம் அவரைத் தூக்கி ஏற்றுவதா?

வீட்டுக்கு வந்ததும் மனைவி தாளை எடுத்தாள். விலை 180,000 வெள்ளி, 10 விழுக்காடு முன்பணம், 3 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,905 வெள்ளி. அதே கணக்கில் 110,000 வெள்ளி காருக்கு 1,164. "மாசம் 741 வெள்ளி வித்தியாசம். 108 மாசத்துக்கு 80,000 வெள்ளிங்க. 80 மீட்டர் மணலுக்கு 80,000. மீட்டருக்கு ஆயிரம்!" என்றாள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதையும் நினைவுபடுத்தினாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

காப்புறுதி முகவரிடம் பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. முழுக் காப்புறுதி எடுத்தாலும் வெள்ளச் சேதத்துக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு வாங்க வேண்டும். கடற்கரையில் மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அண்ணே, நீங்களே கடலுக்குள்ள ஓட்டிட்டுப் போறதுக்குப் பேரு வெள்ளம் இல்ல" என்றார். அந்த 80 மீட்டருக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான் என்று அப்போது புரிந்தது.

கடைசியில், நான்கு ஆண்டு ஓடிய ஒரு ஃபாரஸ்டரை வாங்கினோம். அம்மா முதலில் இருக்கையில் உட்கார்ந்தார், பிறகு காலைத் திருப்பி உள்ளே வைத்தார். யார் கையும் தேவைப்படவில்லை. அதைப் பார்த்ததும்தான் மற்றவற்றைச் சோதித்தேன். வண்டியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் இது முக்கியம். இழுவைக் கொக்கி கருவிப் பெட்டியில் இருக்கிறதா என்றும் தேடினேன். பழைய கார்களில் அது காணாமல் போயிருக்கும்.

உண்மையில் மணலுக்காக நான் வாங்கிய பொருள்கள் வேறு. காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர், காற்றழுத்தமானி, ஒரு மண்வாரி, நல்ல இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு அடியில் செருகும் இரண்டு பலகைகள். எல்லாம் சேர்த்தும் அந்தப் பெரிய வண்டியின் ஒரு மாதத் தவணையைத் தொடவில்லை.

பாக்சிக் டயரைத் தட்டியதன் பொருளும் புரிந்தது. சாலையில் 230 கிலோபாஸ்கல் காற்றோடு டயர் விறைப்பாக நிற்கும், மணலைக் கத்திபோல வெட்டி இறங்கும். 130 அளவுக்குக் குறைத்தால் டயர் தரையோடு நீளமாகப் படியும், வண்டியின் எடை பரவும். ஆனால் அப்படி இறக்கிய டயரோடு வேகமாகப் போகவோ சட்டென்று திருப்பவோ கூடாது. டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலையைத் தொட்டதும் மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

இன்னொன்றைத் தெரிந்துகொள்ளாமல் இத்தனை ஆண்டு போயிருக்கிறோம். அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அதனால் அதை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் இறங்கும், அதிகம் ஏறும். நாம் கடலுக்குப் போகும் நாளே கடல் அதிகம் நகரும் நாள்! நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் கடல் ஏற்ற இறக்க அட்டவணை வெளியிடுகிறது. பஞ்சாங்கத்தில் திதி பார்ப்பதைப் போல இப்போது அதையும் பார்க்கிறோம்.

2025 ஜூலை 24, வியாழக்கிழமை. முதல் நாளே பாக்சிக்குக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். படகுத் தடத்தில் மட்டும் போகலாம், செடி முளைத்த மேட்டில் ஏறக்கூடாது என்றார். தடைப் பலகை உள்ள கடற்கரைகளிலும் ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகளிலும் எந்த வண்டியும் இறங்கக்கூடாது. சக்கரத்துக்கு அடியில் முட்டைகள் புதைந்திருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போனோம். சாலை ஓரத்திலேயே காற்றை இறக்கினேன். முதலில் தடம் முழுவதையும் நடந்து பார்த்தேன். பிறகுதான் ஓட்டினேன். நடக்கும் வேகம், ஒரே சீரான மிதி, திடீர் பிரேக் இல்லை. போன ஆண்டு மாட்டிய இடம் வந்தபோது என் உள்ளங்கை வியர்த்தது. கார் லேசாகத் தள்ளாடி, கடந்துவிட்டது. ஈர மணலுக்குச் சற்று முன்பாகவே, சாலையைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினேன். "இன்னும் கிட்டப் போகலாம்பா, அலைக்குள்ள ஒரு ரவுண்டு!" என்றான் மகன். முடியாது என்றேன்.

மீதி ஏழெட்டு அடி ஈர மணல் கெட்டியாக இருந்தது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பேரன். அம்மா நடந்தே போனார். அலை வந்து கணுக்காலைத் தொட்டது. பாலை விட்டார், பூவை விட்டார். எதையோ முணுமுணுத்தார். அது அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ளது, நான் கேட்கவில்லை.

இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். சாலையில் ஏறி, கம்ப்ரஸரை வைத்து ஒவ்வொரு டயராக நிரப்பினேன். குவாந்தானில் ஒரு கழுவும் கடையில் நிறுத்தி, வண்டியின் அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவச் சொன்னேன். உப்பு ஒட்டியிருந்தால் இரும்பைத் தின்றுவிடும்.

அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து எவ்வளவுப்பா இறக்கின?" என்று கேட்டார். 130 என்றேன்.

"அப்பா இருந்தா இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்லியிருப்பாரு. செம்மண் ரோட்டுல லோரி மாட்டினா அதான் முதல் வேலை."

"தெரிஞ்சிருந்தா போன வருஷமே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீ எங்கப்பா கேட்ட?" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் எந்தத் தேதி வருது, பார்த்து வை" என்றார்.