என் வேலைக்கு ஆள் தேவை

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் ஃபார்ம் நிரப்பிடாதீங்க மக்களே.

"ஏண்டா, படிக்கப் போனே, படிச்சே, வேலையும் கிடைச்சுடுச்சு. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் டென்ஷன்?" ஊர்ல இருக்கிற சித்தப்பா போன்ல கேக்குற நிரந்தரக் கேள்வி இது. மூணு தடவை விளக்கிட்டேன், அவருக்குப் புரியலை. நாலாவது தடவை எனக்கே புரியலை. அதான் எழுதியே வெச்சுடலாம்னு...

அமெரிக்காவில் எம்.எஸ். முடிச்சா மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க 12 மாசம் விடுவாங்க. ஓபிடின்னு பேர். நம்மள மாதிரி இன்ஜினியரிங் கோஷ்டிக்கு மேற்கொண்டு 24 மாசம். ஆக மூணு வருஷம். அதுக்குள்ள எச்1பி லாட்டரியில பேர் விழணும். வருஷத்துக்கு 65,000 இடம், இங்கே மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்குத் தனியா 20,000. எனக்கு 2021, 2022 ரெண்டு மார்ச்சும் பட்டை நாமம். 2023 கடைசி சான்ஸ். அந்த வருஷம் பார்த்தா 7 லட்சத்து 80 ஆயிரம் பதிவு வந்து குவியணும்! ஒரே ஆளுக்குப் பல கம்பெனிகள் சீட்டு போட்ட கூத்தும் அதுல சேர்த்தி (அடுத்த வருஷமே ஆளுக்கு ஒரு சீட்டுன்னு மாத்திட்டாங்க). எப்படியோ என் பேர் விழுந்துச்சு. திறமைன்னு சொல்லிக்க ஆசைதான். ஆனா அது குலுக்கல்.

குலுக்கல்ல விழுந்தா மட்டும் போதாது. உள்ள இருந்துகிட்டே மாணவர் நிலையிலிருந்து எச்1பிக்கு மாத்துங்கன்னு மனு போடணும். மனு முடியறதுக்குள்ள நாட்டை விட்டு வெளியே போனா, அந்த மாற்றமே வேணாம்னு விட்டுட்டதா எடுத்துப்பாங்க. 2023 ஜூன்ல அப்பாவுக்குத் திருக்கடையூர்ல மணிவிழா. போகலாமான்னு கேட்டதுக்கு, கம்பெனி வக்கீல்கிட்டேர்ந்து ஒத்தை வரி மெயில்: போகாதீங்க. அறுபதாம் கல்யாணத்தை வாட்ஸப்ல பார்த்தேன். கலசாபிஷேகம் நடக்கும்போது படம் நின்னு போய், சத்தம் மட்டும் வந்துச்சு. அப்பா ஈரத்தலையோட கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் தெரியறேனா இல்லையான்னு அவருக்குத் தெரியலை. அதைப் பத்தி இதுக்கு மேல எழுத வரலை.

சரி, அடுத்தது கிரீன் கார்டு. கம்பெனி ஸ்பான்சர் பண்ணுதுன்னு சொன்னதும் வீட்ல பாயசம் வெச்சுட்டாங்க. முதல் படி பேர் பெர்ம். 2005-ல வந்த முறை. இதுல என்ன பண்ணணும்னா, நான் உட்கார்ந்து ஆணி புடுங்கிட்டு இருக்கிற அதே வேலைக்கு ஆள் தேவைன்னு கம்பெனி விளம்பரம் கொடுக்கணும்! ரெண்டு ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல. மாநில வேலைவாய்ப்பு ஆபீஸ்ல 30 நாள். அது போக ஆபீஸ்ல 10 வேலை நாளைக்கு ஒரு நோட்டீஸ், சம்பளத்தோட. தகுதியான அமெரிக்கர் யாரும் கிடைக்கலைன்னு காட்டினாத்தான் அடுத்த படி.

எங்க ஆபீஸ்ல அதை ஒட்டின இடம் காபி மெஷின் பக்கத்துல. தினம் காலையில டம்ளரைப் பிடிச்சுகிட்டு என் வேலைக்கான விளம்பரத்தை நானே படிப்பேன். பேர் போட மாட்டாங்க. ஆனா எட்டு பேர் இருக்கிற டீம்ல அது யாருன்னு கண்டுபிடிக்க துப்பறியும் சாம்பு வேணாம். யாரும் ஒண்ணும் சொல்லலை. நல்ல மனுஷங்க. ஆனா பத்து நாளும் மீட்டிங்ல என் குரல் கொஞ்சம் சன்னமாத்தான் வந்துச்சு.

2023 டிசம்பர்ல பெர்ம் தாக்கல். அந்தத் தேதிதான் வரிசையில நம்ம டோக்கன். 2025 வசந்தத்துல பெர்ம் ஓகே, அடுத்து ஐ-140-யும் ஓகே. இனிமே மாசா மாசம் விசா புல்லட்டின் பார்த்து, நம்ம தேதி எப்ப வரும்னு காத்திருக்கணும்.

2025 ஜூன் புல்லட்டின்ல என் பிரிவான ஈபி-2-வுக்குப் பெரும்பாலான நாடுகளுக்கு ஓடிட்டு இருந்த தேதி 2023 அக்டோபர் 15. அதாவது நான் இத்தாலியில பிறந்திருந்தா இன்னும் ரெண்டு மாசம் நகர்ந்தா போதும். இந்தியாவுல பிறந்தவங்களுக்கு? 2013 ஜனவரி 1. அன்னிக்கு நான் பத்தாங்கிளாஸ்ல அல்ஜீப்ரா போட்டுட்டு இருந்தேன்.

காரணம் சிம்பிள் கணக்கு. வேலை வழி கிரீன் கார்டு வருஷத்துக்கு சுமார் 1,40,000, குடும்பத்தையும் சேர்த்து. எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. மத்தவங்க எடுக்காம மிச்சம் விழுந்தா உண்டு. வருஷம் ஒண்ணு ஓடினா வரிசையும் ஒரு வருஷம் நகரும்னு நினைக்கறதுதான் தப்புக்கணக்கு.

இதுல குடியுரிமை கணக்கு இல்லை, பிறந்த நாடுதான் கணக்கு. வேற நாட்டுல பிறந்தவங்களைக் கட்டிக்கிட்டா அவங்க வரிசையில நின்னுக்கலாம். அம்மாகிட்ட, "சிங்கப்பூர்ல பிறந்த பொண்ணா பாரும்மா"ன்னேன். "அதுக்கென்னடா, பிறந்த ஊர் ஜாதகத்துலயே இருக்குமே"ன்னாங்க. கிண்டல் பண்றேன்னு கடைசி வரைக்கும் புரியலை. இல்ல, புரிஞ்சுதான் சொன்னாங்களோ...

அப்ப கையில என்னதான் கிடைச்சுது? ஐ-140 இருந்தா ஆறு வருஷ வரம்பைத் தாண்டியும் எச்1பியை மூணு மூணு வருஷமா நீட்டிக்கலாம். வேற கம்பெனிக்குப் போனாலும் டோக்கன் தேதி நம்மளோடதுதான். ஆனா புதுக் கம்பெனி மறுபடியும் பேப்பர் விளம்பரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். வேலை போச்சுன்னா 60 நாளுக்குள்ள வேற வழி பார்க்கணும். நிரந்தர வாசம்னு பேரு. கிடைச்சிருக்கிறது நிரந்தரமா காத்திருக்கிற உரிமை. அதுவும் சின்ன விஷயம் இல்லை. லாட்டரியில விழாம பெட்டி கட்டின நண்பர்கள் எனக்கு உண்டு.

நான் பண்ணின முடிவு ஒண்ணே ஒண்ணு. "கார்டு வந்ததும்"னு ஆரம்பிக்கிற வாக்கியத்தை நிறுத்திட்டேன். கார்டு வந்ததும் கல்யாணம், கார்டு வந்ததும் வீட்டுக்கு மாடி, கார்டு வந்ததும் அப்பாவைக் கூட்டிட்டு காசி... இதெல்லாம் வரிசையில நிக்கத் தேவையில்லை. நிக்க வேண்டியது அந்த அட்டை மட்டும்தான்.

அந்த ஜூன்லயே அப்பாகிட்ட சொன்னேன்: "2033-ல உங்களுக்கு எழுபது. பீமரத சாந்திக்கு நான் திருக்கடையூர்ல இருப்பேன், என்ன ஆனாலும்."

"அதுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கேடா"ன்னார்.

"எங்க வரிசையில அதெல்லாம் ஒரு கணக்கே இல்லப்பா"ன்னேன்.