படகிற் குடியிருப்பு

யாம் இக்கலாசாலையை விட்டுச் சென்று நெடுங்காலமாயிற்று. ஆயினும், ஆண்டுமலர் கைக்கு வருந்தோறும், பழைய மாணவர் எவ்வெவ்விடத்து எவ்வாறு வாழ்கின்றனர் என்பதையே முதலிற் பார்ப்பது எம் வழக்கம். அவ்வாறு எம்மைத் தேடும் நண்பர் எவரேனும் இருப்பரேல், அவர்க்கு எம் இருப்பிடத்தைத் தெரிவித்தல் கடனாகும். யாம் இப்பொழுது வீட்டில் வசிக்கின்றோமில்லை. இங்கிலாந்தின் தென்கிழக்கே, கெண்ட் கோட்டத்து இராம்ஸ்கேட் துறைமுகத்தில் நிற்கும் மோட்டார்ப் படகொன்றில் வசிக்கின்றோம். ‘யாம்’ என்றது பெருமைப் பன்மையன்று. கணவன் மனைவி இருவரையுமே குறிக்கும். எழுதுகோல் பிடித்தவர் கணவர். பிழை களைந்தவர் மனைவி.

உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் வீட்டை விற்று இப்படகை வாங்கினோம். நீளம் 40 அடி, டீசல் எஞ்சின்கள் இரண்டு, படுக்கையறை ஒன்று, இருவர் ஒருங்கே நிற்கவியலாத சமையலறை ஒன்று. இத்துறையின் உட்குளம் கதவுடையது. கடல் வற்றும்போது குளத்துநீர் வடிந்துவிடாதபடி அக்கதவு மூடப்படும். நீரேற்றம் உச்சமடைவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னும் பின்னுமே திறந்திருக்கும். ஆதலின் கடலுக்குச் செல்லும் நாளில் எம்மை ஆள்வது கடிகாரமன்று, சந்திரனே.

படகு வாழ்க்கை வெறும் உல்லாசமென்று எண்ணற்க. சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் வெளியேறாது படகின் அடிவயிற்றில் தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எனவே உருளையை அறைக்குப் புறம்பே, அடியில் வெளித்துளையுள்ள பெட்டியில் வைக்கின்றோம். உப்புநீரில் உலோகங்கள் ஒன்றையொன்று அரித்தலால், சுழல்விசிறியைக் காக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றோம். அவை தாம் கரைந்து அதனைக் காக்கும். குளிர்காலத்திலோ எம் மூச்சே சுவர்களில் நீராய்ப் படிந்து துணிகளைப் பூசணம் பிடிக்கச் செய்யும்.

இவற்றையெல்லாம் கணவர் நன்கறிந்திருந்தார். அவர் மட்டுமே அறிந்திருந்தார் என்பதுதான் எம் குறை.

நிற்க. ஒரு தைமாதத்து இரவு பெருங்காற்று வீசிற்று. படகு மேடையில் மோதாதபடி தொங்கவிட்ட காற்றுப்பொதிகளைச் சரிசெய்யக் கணவர் வெளியே சென்றார். உறைபனியில் கால் வழுக்கிப் படகுக்கும் மிதவை மேடைக்கும் இடையே வீழ்ந்தார். கடுங்குளிர் நீர் முதல் நிமிடத்தில் மூச்சைத் திணறச் செய்யும். பத்து நிமிடங்களுக்குள் விரல்களின் வலிமையைக் கவர்ந்துவிடும். மிதப்புச் சட்டையோ அறையில் ஆணியில் தொங்கிற்று. மனைவி ஓடிவந்து அவர் கையைப் பற்றினார், தூக்க இயலவில்லை. மேடையில் ஏணி எங்குளது என்று அறியார். ரேடியோவில் உதவி கோரும் முறையும் அறியார். அவருடைய கூக்குரல் கேட்டு அண்டைப் படகினர் வந்து கரையேற்றினர். ஏணி பத்தடி தொலைவிலேயே இருந்தது.

மறுநாள் மனைவி கூறியது இது: “நீங்கள் விழுந்ததற்காக நான் அழவில்லை. இத்தனை ஆண்டு குடியிருந்தும் ஏணி இருக்குமிடம் எனக்குத் தெரியாமற்போயிற்றே, அதற்காகவே அழுதேன்.” கணவரிடம் இதற்கு விடையில்லை. “கேட்டால் சொல்லியிருப்பேன்” என்று அவர் நாவில் எழுந்த சொல் நாவிலேயே நின்றது. ஏனெனில், கேட்டபோதெல்லாம் “அதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லி வந்தவர் அவரே.

செய்தியறிந்த மகள், “போதும், கரையேறி விடுங்கள்” என்று தொலைபேசியில் மன்றாடினாள். அவள் சொல் நியாயமே. அந்நாட்களில் எம் சிந்தனை இத்துறையோடு தொடர்புடைய வேறொரு தம்பதியர்பாற் சென்றது. டைட்டானிக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாயிருந்து உயிர்தப்பிய சார்லஸ் லைட்டாலர் என்பார், 1929-இல் ஒரு பழைய படகுக்கூட்டை வாங்கி மோட்டார்ப் படகாக்கினார். அதுவே ‘சன்டவுனர்’. 1939-இல், போர் மூளுமுன், அவரும் மனைவி சில்வியாவும் உல்லாசப் பயணம் செய்யும் முதியோர்போல் அதிற் சென்று ஜெர்மானியக் கரையை ஆராய்ந்தனர். 1940 ஜூன் முதல் நாள், தம் 66-ஆம் வயதில், லைட்டாலர் மகனோடும் ஓர் இளஞ்சாரணனோடும் இராம்ஸ்கேட்டினின்று டன்கர்க்குக்குச் சென்று, ஏறக்குறைய 130 வீரரை அப்படகில் ஏற்றி மீண்டார். அவ்வீரம் எமக்கில்லை. ஆயினும் 1939-ஆம் ஆண்டுப் பயணம் எம்மைச் சிந்திக்கச் செய்தது: அங்கே மனைவி படகிற் பிரயாணியாக இருந்தாரல்லர், பணியிற் பங்காளியாக இருந்தார்.

எனவே மகளிடம் ஓராண்டு தவணை கேட்டோம். மனைவி எஞ்சினையும் ரேடியோவையும் சுக்கானையும் கற்றார். கணவர் சமையலையும், தாம் உண்ணும் மருந்துகளின் பெயரையும், இதுகாறும் மனைவியே பார்த்துவந்த வரவு செலவையும் கற்றார். பின்னவை எளியவையென்று எண்ணியிருந்த கணவர் அவ்வெண்ணத்தை விரைவில் விட்டார். இவ்விளவேனிலில் ஒருநாள் மனைவியே சுக்கான் பிடித்துக் கதவைக் கடந்து படகைக் கடலுக்குக் கொண்டு சென்று, மீண்டும் கொணர்ந்து நிறுத்தினார். கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்திறவாதிருந்தார். அன்று அவர் செய்த பணிகளுள் அதுவே கடினமானது.

யாம் என்றும் இங்கேயே இருப்போமல்லோம். எம்முள் எவரேனும் தனித்துப் படகைத் துறைசேர்க்க இயலாத நாள் வரும். அந்நாளிற் கரையேறுவதென்று இருவரும் உடன்பட்டு, மகளுக்கும் எழுதிவிட்டோம். அதுவரை, இவ்வழி வரும் நண்பர் எம் படகிற்கு வருக. தேநீர் கணவர் இடுவார். ஏணி இருக்குமிடத்தை, அமருமுன்னரே, மனைவி காட்டுவார்.