தோணிக்கு எந்தச் சிம் கார்டு?



கடற்கரைப் பங்கில் பணிபுரியும் குருவானவரிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டியும், கலியாண ஓலை வாசிக்கச் சொல்லியும் பங்கு இல்லத்தின் படியேறியவர்களே மிகுதி. இப்போதோ, தோணித் தொழிலுக்குப் புதிதாகச் செல்லும் இளைஞனின் தாயோ மனைவியோ வந்து நின்று, "சாமி, எந்தச் சிம்மு போட்டா கடல்ல நல்லாக் கேக்கும்?" என்று வினவுகிறார்கள். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவனுக்கு இக்கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. ஆயினும் இது தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. தோணியில் செல்பவனுக்கு அந்தத் தோணியே பல மாதங்களுக்கு வீடு. அங்கேயே சமைத்து, அங்கேயே உண்டு, சரக்கு மூட்டைகளுக்கு அருகே படுத்து உறங்குகிறான். அவனுக்கும் கரையிலுள்ள குடும்பத்துக்கும் இடையே இருக்கும் ஒரே நூல் அந்தக் கைபேசிதான். எனவே தண்டல்மாரிடமும், தோணி உரிமையாளரிடமும், கைபேசி பழுது பார்க்கும் தம்பிமாரிடமும் கேட்டறிந்து தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்குத் தோணிகள் வரிசையாகப் புறப்பட்ட காலத்தை நம்மில் முதியோர் அறிவர். இன்று தோணிகளின் தொகை குறைந்துவிட்டது. எனினும் காய்கறியும் வெங்காயமும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்லும் தோணிகள் இன்றும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து மாலிக்கு ஏறத்தாழ 400 கடல் மைல். அதாவது சுமார் 740 கிலோமீட்டர். காற்றும் நீரோட்டமும் ஒத்துழைத்தாலும் மூன்று நான்கு நாட்கள் கடலிலேயே கழியும். அங்கே சரக்கு இறக்கக் காத்திருக்கும் நாட்கள் தனி.

இனி, "விலை மலிந்தது எது?" என்ற கேள்விக்கு வருவோம். நம் ஊருக்கு இக்கேள்வி புதிதன்று. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் பயணக் கட்டணத்தைத் தாழ்த்திக்கொண்டே வந்தது. இறுதியில் கட்டணமும் வாங்காமல், கையில் ஒரு குடையும் கொடுத்துப் பயணிகளை அழைத்ததாக நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சுதேசிக் கப்பல்கள் நின்றுபோன பின், குடை கொடுத்தவர்கள் குடையையும் நிறுத்திக்கொண்டார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் பேச்சும் இணையமும் இலவசம் என்று களத்தில் இறங்கியபோது இந்தப் பழைய கதையே என் நினைவுக்கு வந்தது. போட்டி கடுமையாயிற்று. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நிறுவனம் நொடிப்பு நிலையை அடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இன்று நம் முன் நிற்பவை ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, அரசின் பி.எஸ்.என்.எல். ஆகிய நான்கே. இவற்றுள் ஒன்றைப் புகழவோ மற்றொன்றை இகழவோ நான் முற்படவில்லை. இலவசத்தையும் விலை மலிவையும் மட்டும் கண்டு மயங்கலாகாது என்பதே என் கருத்து. தோணிக்காரனுக்கு வேண்டியது, அவன் செல்லும் துறைகளில் கேட்கும் இணைப்பு.

நடுக்கடலில் கேட்கும் சிம் கார்டு எது என்று கேட்போருக்கு முதலில் சொல்ல வேண்டிய உண்மை ஒன்றுண்டு: அப்படி ஒரு சிம் கார்டு இல்லை. இது நிறுவனங்களின் குற்றமன்று. பூமி உருண்டையாக இருப்பதன் விளைவு. கரையிலுள்ள கோபுரத்திலிருந்து புறப்படும் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது. கடலோ வளைந்து கீழிறங்குகிறது. 40 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் அலை சுமார் 26 கிலோமீட்டர் சென்றதும் கடற்பரப்பை விட்டு மேலெழுந்துவிடும். தோணியில் நிற்பவன் கைபேசியை நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால் இன்னும் 7 கிலோமீட்டர் சேரும். ஆக 33 கிலோமீட்டர். பழைய 2ஜி முறையில் வேறோர் எல்லையும் உண்டு. கோபுரத்திலிருந்து 35 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கைபேசியை அம்முறை பொதுவாக ஏற்பதில்லை. பாய்மரத்தில் ஏறிப் பேசும் இளைஞர்கள் சிலர் உண்டு. அதனால் ஐந்தாறு கிலோமீட்டர் கூடலாம். தவறி விழுந்தால் உயிரே போய்விடும். கப்பிப் பாறைபோல் உறுதியான கைகால் உடையவர்க்கும் அது தகாது.

ஆகவே, தூத்துக்குடியை விட்டுத் தெற்கே திருச்செந்தூர், மணப்பாடு, கூடங்குளம் எனக் கரையை ஒட்டிச் செல்லும் வரை ஏதேனும் ஒரு கோபுரம் கைகொடுக்கும். கன்னியாகுமரியைக் கடந்து ஆழ்கடலில் திரும்பியதும் பேச்சு நின்றுவிடும். மறுகரை தென்படும் வரை மௌனமே. இந்த மௌனம் ஆபத்தின் அடையாளமன்று, பயணத்தின் இயல்பு. இதைக் குடும்பத்தார் முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்வது நலம்.

அப்படியாயின் எதைப் பார்த்துத் தேர்வது? முதலாவது, கடைக்காரர் காட்டும் வண்ணப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் நிலத்தைக் கருதி வரையப்பட்டது. அதே வழியில் சென்று திரும்பிய இரண்டு மூன்று தோணிகளின் ஆட்களைக் கேளுங்கள். எந்தக் கரைக்கு நேரே எந்த இணைப்பு அறுந்தது என்பதை அவர்கள் விரல் மடக்கிச் சொல்வார்கள்.

இரண்டாவது, ஒரு தோணியில் உள்ள அனைவரும் ஒரே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருப்பது அறிவுடைமையன்று. இருவர் ஒன்றும், இருவர் மற்றொன்றுமாக வைத்திருந்தால், ஒன்று அறுந்த இடத்தில் மற்றொன்று உதவும். இரண்டு சிம் கார்டு ஏற்கும் கைபேசியாக இருப்பின் இன்னும் நன்று.

மூன்றாவது, செல்லும் இடத்தைக் கவனியுங்கள். இலட்சத்தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன; கொச்சியிலிருந்து கடலடிக் கம்பிவடம் இடப்பட்டு 2024 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட பின்னரே அங்கு நிலைமை தேறியது. மாலத்தீவில் திராகு, ஊரிடூ என்னும் நிறுவனங்களின் இணைப்பே கிடைக்கும். நம் சிம் கார்டை அங்கே பயன்படுத்த வேண்டுமாயின், வெளிநாட்டு இணைப்புக்குரிய திட்டத்தைப் புறப்படுமுன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். இலங்கைக்கு அருகில் செல்லும்போது அந்நாட்டுக் கோபுரங்கள் நம் கைபேசியைத் தாமாகவே பற்றிக்கொள்வதுண்டு. அப்போது இணையத்தை நிறுத்திவைக்காவிடில், உழைத்த கூலி வீட்டுக்கு வருமுன்னரே கரைந்துவிடும்.

நான்காவது, நிறுவனத்தை மாற்ற விரும்புவோர் பழைய எண்ணை இழக்கத் தேவையில்லை. 2011 முதல் நாடெங்கும் அவ்வசதி உண்டு. 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையும், இடைவெளி விட்டுத் தம் எண்ணையும் 1900-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அதற்குரிய குறியெண் வரும். ஓர் இணைப்பில் 90 நாட்களாவது இருந்த பின்னரே மாற முடியும். மாறுவதற்குச் சில வேலைநாட்கள் ஆகுமாதலால், சரக்கு ஏற்றும் நாளில் இவ்வேலையைத் தொடங்கலாகாது.

ஐந்தாவது குறிப்பைத் தாய்மார்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைத்த எண் வீட்டில் இருக்கட்டும். கடலுக்குச் செல்பவர் வேறோர் எண்ணை எடுத்துச் செல்லட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் குழந்தையை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. கணவன் பெயரில் வங்கியில் பணம் இருந்தது. பணம் எடுப்பதற்கான குறியெண்ணோ, மாலிக்குச் செல்லும் தோணியில் அவனுடைய சட்டைப் பையிலிருந்த கைபேசியைத் தேடிக் கடலில் அலைந்தது! அன்று அண்டை வீட்டார் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து உதவினார்கள். அண்டை வீட்டாரின் அன்பு பெரிதுதான். ஆயினும், இருவரும் ஐந்து நிமிடம் எண்ணிப் பார்த்திருந்தால் அந்தச் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

நிற்க. கைபேசி எட்டாத கடலில் உயிர் காப்பது எது? 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நாம் மறக்க இயலுமா? எச்சரிக்கை வெளியானபோது குமரி மாவட்டத்து மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையில் அனைவர் கையிலும் கைபேசி இருந்தது. கடலுக்குச் செய்தி செல்ல வழியில்லை. தமிழகமும் கேரளமும் நூற்றுக்கணக்கானோரை இழந்தன. அந்தத் துயரத்துக்குப் பின்னரே பல கருவிகள் விரைந்து வந்தன. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையம் 2019-இல் 'ஜெமினி' என்னும் கருவியை வெளியிட்டது. செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கையை அது ஏற்றுக் கைபேசிக்குத் தரும். ஆனால் கடலிலிருந்து கரைக்குப் பதில் அனுப்ப அதனால் இயலாது. இருபுறமும் செய்தி செல்லும் கருவிகளை ஒரு இலட்சம் மீன்பிடி படகுகளுக்கு வழங்கும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிற்று. செயற்கைக்கோள் தொலைபேசியும் உண்டு. ஆனால் 2008-ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலில் கடல்வழி வந்தவர்கள் அத்தகைய கருவியைப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். உரிமம் இன்றி அதை வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டில் எவரேனும் மலிவாகத் தந்தாலும் வாங்கிவரலாகாது.

இவற்றோடு, பழைமையான வி.எச்.எப். வானொலியை எவரும் அலட்சியம் செய்ய வேண்டாம். அதன் 16-ஆம் அலைவரிசை உலகெங்கும் ஆபத்துக் குரலுக்கென ஒதுக்கப்பட்டது. அருகில் செல்லும் பெரிய கப்பல் அதைக் கேட்டுக்கொண்டே செல்லும். கரையிலிருந்து கடலோரக் காவற்படையை அழைக்க 1554 என்ற கட்டணமில்லா எண் உண்டு. தோணிக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண் இது.

சில ஆண்டுகளுக்கு முன், வாடைக் காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலியிலிருந்து திரும்ப வேண்டிய ஒருவரிடமிருந்து நான்கு நாட்களாகச் செய்தி இல்லை. அந்நேரம் பார்த்து, குமரிக்குத் தெற்கே ஒரு தோணி மூழ்கிவிட்டதென்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவிற்று. நான் சென்றபோது வீட்டில் ஒப்பாரி தொடங்கியிருந்தது. முதிய தாயார் மூர்ச்சையுற்றுக் கிடந்தார். நான் அந்தப் பெண்ணிடம், "அம்மா, தோணியின் பெயர் என்ன?" என்று கேட்டேன். "தெரியாது சாமி, இந்த நடைக்கு வேற தோணி மாறிப் போயிருக்காவ" என்றாள். உரிமையாளர் யார், ஏஜெண்டு யார் என்பதும் தெரியவில்லை. துறைமுகத்துக்கு ஆளனுப்பி, ஒவ்வொருவராக விசாரித்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் ஏஜெண்டைப் பிடித்தோம். இயந்திரப் பழுதினால் அத்தோணி மாலியை விட்டுப் புறப்படவே இல்லை! அவருடைய சிம் கார்டில் பணம் தீர்ந்துபோயிருந்தது; அவ்வளவே. அந்தத் தாயார் தேறி எழ ஒரு வாரம் ஆயிற்று. வாட்ஸ்அப்பில் அச்செய்தியை முதலில் அனுப்பியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அனுப்பியோர் பலரும் நல்லெண்ணத்தோடு அனுப்பியவர்களே. ஆயினும் உறுதி செய்யாத மரணச் செய்தியை அனுப்புவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும் பாவமே.

அன்று முதல் எங்கள் பங்கில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். தோணிக்குச் செல்பவர் ஒவ்வொருவரும் புறப்படுமுன் ஒரு தாளில் தோணியின் பெயர், பதிவு எண், உரிமையாளர், ஏஜெண்டு ஆகியோரின் தொலைபேசி எண்கள், செல்லும் துறை, புறப்படும் நாள், திரும்ப எதிர்பார்க்கும் நாள், உடன் செல்லும் ஒருவருடைய வீட்டு எண் ஆகியவற்றை எழுதி வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அதன் படி ஒன்று பங்கு இல்லத்திலும் இருக்கும். இதற்கு மாதக் கட்டணம் இல்லை, கோபுரமும் தேவையில்லை.

கடைசியாக, கிடைத்த இணைப்பில் பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. துறை சேர்ந்து, களைத்துப்போய், பத்து நிமிடம் பேச வாய்த்தவனிடம் மாமியார் மருமகள் வழக்கைத் தொடங்காதீர்கள். அவன் தீர்க்க முடியாத வழக்கைச் சுமந்துகொண்டு மறுபடியும் நான்கு நாள் கடலில் செல்ல வேண்டியவன். பிள்ளை பள்ளிக்குச் சென்றானா, அம்மா மருந்து உண்டாரா என்பதைச் சொல்லுங்கள். கடலில் இருப்பவரும், பணத்தைப் பற்றி மட்டும் பேசி வைத்துவிடாமல், குழந்தையின் மழலையைக் கேட்க இரண்டு நிமிடம் ஒதுக்கட்டும். துறை சேர்ந்ததும் பேசுவதாக நேரம் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்தில் அழைப்பு வராவிடில், அழுவதற்கு முன் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

எந்தச் சிம் கார்டு என்று கேட்டவர்களுக்கு என் விடை இதுவே: உங்கள் தோணி செல்லும் துறையில் கேட்பது எதுவோ அதை வாங்குங்கள், அது கேட்காத கடலுக்கென வானொலியையும், அதுவும் எட்டாத நாட்களுக்கெனப் பொறுமையையும் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இருப்போர் யாவரும் நலமே கரை சேர்வார்களாக.