டிரைவர் இல்லாத ரயில்!

எங்கள் அய்யம்பாளையத்தில் டிரைவர் முகத்தைப் பார்த்த பிறகே பஸ் ஏறுபவர் என் மாமியார். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், "ஆளில்லாத வண்டியில நான் வரல தாயி!" என்று நின்றுவிட்டார். மூட்டுவலிக்காரர், அடுத்த டெர்மினலுக்கு நடக்கவும் முடியாது.

ஸ்கைட்ரெயின் என்று பெயர். 1990 முதல் ஓடுகிறது. காசு கிடையாது. ரப்பர் டயர், ஓட்டுவது கம்ப்யூட்டர். பிளாட்பாரக் கதவும் வண்டிக் கதவும் ஒன்றாகத் திறக்கும், மூடினால்தான் நகரும். (நாலாவது டெர்மினலுக்கு இது போகாது, பஸ்தான்.)

"பழனி வின்ச்சில ஏறலையா அத்தை? அதையும் மேலேயிருந்து மோட்டார்தானே இழுக்குது?"

யோசித்தார், ஏறினார். என் கையை மட்டும் விடவில்லை. வழியில் கண்ணாடிக்கு அப்பால் 2019-இல் திறந்த ஜுவல் மாளிகையின் 40 மீட்டர் அருவி!

"நம்ம மருதாநதி அணைக்குத் தண்ணி வந்துச்சோ என்னமோ" என்றார்.