புதிய மருந்தும் பழைய பயமும்

“நம்மள வெச்சு சோதனை பண்றாங்களா?” கோலாலம்பூரின் செந்தூல் வட்டார வீடுகளில் மருந்து ஆய்வு என்ற பேச்சு வந்தாலே எழும் கேள்வி இது.

அந்தப் பயத்துக்குக் கோலாலம்பூரிலேயே வரலாறு உண்டு. 1905-இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் இங்கிருந்த மனநலக் காப்பகத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்டவர்களை வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் தாக்கியது, பலர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ணும் தமிழர்களிடம் அந்நோய் அரிதாக இருந்ததன் காரணமும் விளங்கியது. 1907-இல் ‘லான்செட்’ இதழ் முடிவை வெளியிட்டது. நோயாளியின் சம்மதம் கேட்பது அன்று பொது வழக்கமாக இல்லை.

இன்று பொதுவாக எழுத்துப்பூர்வச் சம்மதமில்லாமல் யாரையும் ஆய்வில் சேர்க்க முடியாது. சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

நம்பிக்கை வரும் விதத்துக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சி நோய்க்கான ஆய்வே சான்று. 2013-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரையின் 12 வாரச் சிகிச்சைக்குப் பட்டியல் விலை 84,000 டாலராக இருந்தது. பழைய இன்டர்ஃபெரான் ஊசியோ உடம்பை வாட்டியெடுக்கும். இந்நிலையில் மலேசியச் சுகாதார அமைச்சும் இலாப நோக்கற்ற மருந்து ஆய்வு அமைப்பான டிஎன்டிஐயும் சோஃபோஸ்புவிருடன் ராவிடாஸ்விர் என்ற புதிய மருந்தைச் சேர்த்து ஆராய்ந்தன. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேர் சேர்ந்தார்கள். போலி மாத்திரைப் பிரிவு கிடையாது; எல்லாருக்கும் உண்மையான மருந்து. 2018-இல் வெளியான முடிவில் 97 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தனர். 2021 ஜூனில் மலேசியா ராவிடாஸ்விரைப் பதிவு செய்தது.

ஆனாலும் நாள்கூலிக்காரருக்கு ஒவ்வொரு பரிசோதனை நாளும் சம்பள இழப்புதான். ஆய்வு நடத்துவோரே, போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, மனைவி மக்களோடு பேச வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள்.