அப்பாவின் நெஞ்சுப் பெட்டி

அப்பாவின் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மேடு இருந்தது. மருத்துவமனையில் அதை ஐசிடி என்றார்கள். எங்கள் வீட்டில் 'பெட்டி'. இதயம் தறிகெட்டுத் துடித்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்து நேராக்கும். பொருத்திய நாலாம் மாதம், குளித்துவிட்டு வந்தவரைக் கழுதை உதைத்ததுபோல் தூக்கிப் போட்டது. அன்று பிழைத்தார். அதன்பின் அம்மா வெள்ளிதோறும் அந்த மேட்டுக்கும் சேர்த்துத் திருநீறு பூசினாள்.

ஒருநாள் இரவு சாப்பாடு முடிந்ததும் அவராகவே கேட்டார்: "எனக்கு முடியாமப் போற நேரத்துல இது என்னடா பண்ணும்?" சுவரில் பல்லி கத்தியது. அம்மா தரையை விரலால் தட்டி, "வாயில நல்ல வார்த்தை வரட்டும்" என்றாள். நானும், "அதெல்லாம் எதுக்குப்பா இப்ப" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

பெட்டிக்குச் சாவு தெரியாது. கடைசி இரவில் சிறுநீரகமும் கைவிட்டபின், தடுமாறிய இதயத்தை அது திரும்பத் திரும்ப உதைத்தது. நினைவு இருந்தது அப்பாவுக்கு. ஐந்து முறை துள்ளி விழுந்தார். அவர் கை என் கைக்குள் இருந்தது. இரவுப் பணியில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இளம் மருத்துவர் வளையம்போன்ற காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து மேட்டின் மேல் வைத்து பிளாஸ்திரி ஒட்டினார். ஷாக் நின்றது. ஒரு மணி நேரத்தில் அப்பா அமைதியாகப் போனார்.

காந்தம் இருக்கும்வரை ஷாக் வராது. கத்தியே படாமல், வெளியிலிருந்து கணினிக் கருவி மூலம் சில நிமிடங்களில் நிரந்தரமாகவும் நிறுத்தலாம். நோயாளி விரும்பினால் அப்படிச் செய்வது கொலையாகாது, நோயை அதன் போக்கில் விடுவதே என்று அமெரிக்க இதயத் துடிப்பு மருத்துவர் சங்கம் 2010-லேயே சொல்லிவிட்டது. இதயத்துக்குப் பம்ப் வைத்தவர்கள் கதை வேறு. அதை நிறுத்தினால் பலருக்கு உயிர் சீக்கிரமே அடங்கிவிடும். அவர்களிடம் நிறுத்துவது பற்றிய பேச்சை அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும். இதையெல்லாம் அப்பா கேட்ட அன்றே யாரிடமாவது விசாரித்திருக்கலாம் நான்.

சென்ற வருஷம் சித்திக்கும் அதே பெட்டி. இம்முறை நானே பேச்செடுத்தேன். அவரைக்காய்க்கு நார் உரித்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பேத்தி கல்யாணம் வரைக்கும் அது வேலை செய்யட்டும். உங்களையெல்லாம் அடையாளம் தெரியாம நான் கெடந்தா, ஷாக் வேண்டாம்" என்றாள்.

இப்படி விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்ததை 2023-ல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி கையெழுத்து போதும். எழுதினோம். ஒரு நகலை அவளுடைய இதய மருத்துவர் ஃபைலில் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வரும்போது சித்தி திரும்பி நின்று அவரிடம் கேட்டாள்: "அந்தக் காந்தத்தை இங்க எந்த அலமாரில வெச்சிருக்கீங்க, டாக்டர்?"