பெயர் வந்த வழி

இடாப்பைக் கையிலெடுத்துப் பெயர் கூப்பிடுதல் ஆசிரியனுக்கு நாள்தோறும் உள்ள கடமை. யாம் மாணவராயிருந்த காலத்து இடாப்பிலே, பிள்ளைகளின் பெயர்கள் எவ்வாறாயினும், தந்தையர் பெயர்கள் ஆறுமுகம், கந்தையா, வேலாயுதம், சண்முகநாதன் என நல்லூர்க் கந்தனின் திருநாமங்களாய் நிறைந்திருந்தன. திருவிழாக் கூட்டத்தில் “கந்தையா” என ஒருவர் உரத்து அழைத்தாற் பத்துத் தலைகள் திரும்பும் என்று எம் பாட்டனார் சொல்வதுண்டு. இன்றைய இடாப்போ டிலக்ஷன், டினுஷா, ஷயந்தன், கஜீபன் என்று ஓடுகின்றது. பொருள் யாதென வினவினாற் பிள்ளை எம் முகத்தைப் பார்க்கும். யாம் அகராதியைப் பார்ப்போம். அகராதி வாய் திறவாது.

இதனை மொழிக்கேடு எனப் பெரியோர் சிலர் கடிகின்றனர். தமிழ் கற்பிப்போமாகிய எமக்கும் அதில் ஓரளவு உடன்பாடு உண்டு. ஆயினும் வழக்கில் இல்லாத பெயர் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. எமது கல்லூரி வரலாற்றின் முதற்பக்கத்தைப் புரட்டினாலே போதும். 1887ஆம் ஆண்டிற் பிரதான வீதியிலே இக்கல்லூரிக்கு வித்தாயமைந்த ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கியவர் வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை. பின்னர் அதிபராய் விளங்கியவர் நெவின்ஸ் செல்வதுரை. சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்லூரியின் வாயிலிலே நெவின்ஸ் என்னும் பெயர் எவ்வாறு வந்து நின்றது?

அதன் வழி வட்டுக்கோட்டைக்குச் செல்கின்றது. 1823 முதல் 1855 வரை அங்கு நடந்த செமினரியிலும், அமெரிக்க மிசனரிமாரின் ஏனைய விடுதிப் பாடசாலைகளிலும், கடல் கடந்த புரவலர் ஒருவர் ஒரு பிள்ளையின் ஊணுக்கும் கல்விக்கும் பணம் அனுப்புவார். அப்பிள்ளைக்கு இடவேண்டிய பெயரையும் உடன் அனுப்புவார். வீசகணிதம் எழுதிய விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும், நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் அக்காலத்து வழக்கே. முகமறியாத ஒருவர் இட்ட பெயரை அவர்கள் களைந்துவிடவில்லை. தம் பெயரோடு சேர்த்தே சுமந்தனர்.

இக்காலப் பெயர்களின் ஊற்று வேறு, அது பஞ்சாங்கம். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் பாதம் நான்காக 108 எழுத்துக்கள் வகுக்கப்பட்டுள்ளன. பிறந்த பாதத்துக்குரிய எழுத்திலே பெயர் தொடங்க வேண்டும் என்பது சோதிடர் கட்டளை. வகுத்தவர் வடமொழியாளர், பெயர் தேடுவோர் தமிழர். இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. ஆயிலியத்துக்கு டி, டு, டே, டோ என்பன எழுத்து. டகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் விதி. (வடமொழியிலேயே டகர முதற் சொற்கள் மிகச் சிலவே, பிள்ளைக்கு டமருகம் என்று பெயரிடல் யாங்ஙனம்?) அத்தத்தின் பாதங்களுள் ஒன்றுக்கு ஷகரம், இன்னொன்றுக்கு ணகரம். ஆதலால், இல்லாத சொல்லை ஆக்கிக்கொள்வதன்றிப் பெற்றோருக்கு வேறு வழியில்லை. அதன்மேல் எண்சோதிடர் வந்து ஆங்கில எழுத்தைக் கூட்டிப் பார்த்து, ஓர் எழுத்தை இரட்டிக்கச் சொல்வார். டிலக்ஷன் பிறந்த கதை இதுவே.

நாளை நோக்கிப் பெயரிடுதல் எமக்கு மட்டும் உரியதன்று. கானா நாட்டு அக்கான் மக்களிடையே வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்மகன் கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. 1997 முதல் 2006 வரை ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாயிருந்த கோஃபி அன்னான் ஒரு வெள்ளிக்கிழமைப் பிள்ளை என்பதை அவர் பெயரே சொல்லும். ஐசுலாந்திலோ 1991 முதற் பெயர்க்குழு ஒன்று உண்டு. புதுப்பெயர் அந்நாட்டு வேற்றுமை உருபை ஏற்குமா என்று நோக்கியே அஃது இசைவளிக்கும். அங்கே இலக்கணம் சட்டம். இங்கே அஃது எம்போன்றோரின் புலம்பல். அக்குழுவிலே ஓர் இருக்கை கிடைக்குமாயின் நன்றென்று யாம் எண்ணியதுமுண்டு.

அவ்வெண்ணத்தைத் தளர்த்தியவர் எம் அயலிலுள்ள ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். கனடாவிலுள்ள இளைய மகனுக்குப் பிள்ளை பிறந்த செய்தியோடு ஒரு துண்டுக் கடுதாசியையும் கொண்டு வந்தார். ஆயிலியம், இரண்டாம் பாதம், டு.

“மாஸ்டர், டுவிலை ஒரு நல்ல பேர் சொல்லுங்கோ. அங்கத்தைய ஆக்களுக்கும் வாயிலை வரவேணும்” என்றார்.

டகரத்துக்குத் தகரம் கொள்ளலாம் என்று எடுத்துரைத்துத் துகரத்திற் பல பெயர்களை எழுதிக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆயினும் எழுந்து போகவில்லை. சற்றுப் பொறுத்து, “எங்கடை மூத்தவன்ரை பேரும் அதுக்குள்ளை எங்கையாவது இருந்தால் மனிசிக்கு ஆறுதலாயிருக்கும்” என்றார். மூத்த மகனைப் பற்றி 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் அவர்களுக்கு யாதொரு செய்தியும் இல்லை.

எம் பட்டியலிலிருந்த பெயர் ஒன்றேனும் தேறவில்லை. பத்து நாட் கழித்துக் கனடாவிலிருந்து முடிவு வந்தது. முதலெழுத்து டு, இறுதி ஈரெழுத்தும் மூத்தவனுடையவை, இடையில் நின்ற எழுத்து எண்சோதிடருக்காக. எந்த அகராதியிலும் காணமுடியாத சொல். அந்நாட்டுப் பதிவுக்குக் குடிப்பெயர் ஒன்று வேண்டும். தந்தை பெயரைத் தலைமுறைதோறும் மாற்றி முன்வைப்பது எம் மரபு. மகன் அங்குக் குடியேறிய நாள்முதல் முதியவரின் பெயரே குடிப்பெயராய் நிலைத்துவிட்டது. “நான் கண்ணாலை காணாத பிள்ளை என்ரை பேரைக் கொண்டு திரியப்போகுது” என்று சொல்லிச் சிரித்தார்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தபின், அவரும் மனைவியாரும் அர்ச்சனைக்கென நல்லூருக்குச் சென்றபோது யாமும் உடன் சென்றோம். பெயரைத் தெளிவாய்த் தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருந்தமையால் எழுதிக் கொடுத்திருந்தோம். ஐயர் கடுதாசியை வாங்கி ஒருமுறை பார்த்தார்; பின்னர்ப் பிள்ளையின் பெயர் என்னவென்று வாயாற் கேட்டார். அம்மையார் சொன்னார். ஐயர் மீட்டும் கேட்டார். இம்முறை அவ்வம்மையார் இறுதி ஈரெழுத்தையும் அழுத்தி, நிறுத்திச் சொன்னார். ஐயர் அவ்வாறே சொல்லிக்கொண்டு உள்ளே சென்றார்.